நான் திருத்திய ஒரே மணிக்கூடு

என் வாழ்நாளில் ஒரேயொரு கைமணிக்கூட்டைத்தான் நான் உருப்படியாகத் திருத்தியிருக்கிறேன். அதைத் திருத்தாமல் விட்டிருக்கலாம் என்று இன்றுவரை வருந்துகிறேன். நான் கெடுத்த மணிக்கூடுகள் ஏராளம். அவற்றில் ஒன்றுகூட என் மனதை உறுத்துவதில்லை. அவை கெடுவதற்கென்றே என்னிடம் வந்து சேர்ந்தவை. இந்த ஒன்றுதான் என் கையில் உயிர்பெற்று என்னைக் கொன்றது.

நான் பௌதிகவியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊசல் ஏன் ஆடுகிறது, எப்படி ஆடுகிறது என்று ஊரார் பிள்ளைகளுக்கு விளக்கியே தலை நரைத்தவன். ஓய்வு பெற்ற புதிதில் வீட்டு வளவில் கத்தரியும் கீரையும் போட்டேன். ஒரு நாள் கேற்றைச் சாத்த மறந்துபோனேன். திருகோணமலை நகரத்தின் மான்கள் வரிசையாக உள்ளே வந்து என் விவசாயத்தை ஒரே காலையில் முடித்துவைத்தன. அதற்குப் பிறகுதான் கைத்தொலைபேசியில் அந்த வீடியோக்களைக் கண்டேன். ஏதோ ஒரு குளிர்நாட்டில் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள், ஒரு பழைய மணிக்கூட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி, கழுவி, மறுபடி பூட்டி ஓடவிடும். பேச்சே இல்லை. பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. ஊசல் படிப்பித்தவனுக்கு இது என்ன பெரிய வித்தையா என்று நினைத்தேன். அந்த வீடியோக்களில் யாருக்கும் வியர்ப்பதில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் பழைய சாமான் பரப்பி விற்பவரிடம் குவியலாக வாங்கினேன். தெரிந்தவர் வீட்டு மேசை லாச்சிகளில் செத்துக் கிடந்தவற்றைக் கேட்டு வாங்கினேன். நிலாவெளியில் நாலு அறை வைத்து வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடும் என் மைத்துனன் தர்மு, அவர்கள் மறந்துவிட்டுப் போன மணிக்கூடுகளைக் கொண்டுவந்து தந்தான். அதைச் சேகரிப்பு என்று நான் சொன்னேன், குப்பை என்றாள் என் மனைவி புஷ்பம். ஒன்றும் ஓடாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் நின்றிருந்தது. ஆகவே எந்த வேளையில் என்னிடம் நேரம் கேட்டாலும், சரியான நேரத்தைக் காட்டும் மணிக்கூடு ஒன்று அந்த அலுமாரிக்குள் இருந்தே தீரும். எது என்றுதான் தெரியாது.

திருத்த உட்கார்ந்தபோதுதான் நம் ஊரின் காற்றும் வெயிலும் சேர்ந்து எனக்கெதிராகச் செய்திருந்த சதி புரிந்தது. காற்றாடியைப் போட்டால் எள்ளளவு பற்சில்லுகளும் எள்ளில் பாதியளவு திருகாணிகளும் பறந்துவிடும். நிறுத்தினால் நெற்றி வியர்வை நேராக மணிக்கூட்டின் வயிற்றுக்குள் விழும். யன்னலைத் திறந்தால் துறைமுகத்து உப்புக் காற்று வந்து நேற்றுத் துடைத்த இரும்பை இன்று துருவாக்கும். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, யன்னலைப் பூட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். (தபால் கொடுக்க வந்தவர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குக் காய்ச்சலோ?" என்று புஷ்பத்திடம் கேட்டாராம்.)

ஒரு காலைச் சாப்பாட்டின்போது தர்மு வாயைக் கோணினான்.

"அக்கா, பிட்டுக்குள்ளை கல்லு."

"கல்லில்லை," என்று நான் பாய்ந்தேன். "அது திருகாணி. துப்பிப்போடாதை, மெதுவா கையிலை எடு!"

"அத்தான், பல்லு போனா ஆர் திருத்துறது? நீங்களோ?"

"பல்லிலை கை வைக்க விட்டிடாதை," என்றாள் புஷ்பம் குசினியிலிருந்து. "பேந்து வாயைத் திறந்தா மூட ஏலாது."

அந்த வீட்டில் என் தொழிலை மதித்த ஒரே சீவன் என் மாமி, புஷ்பத்தின் தாயார். எண்பது கடந்தவர். எங்களோடுதான் இருந்தார், இருக்கிறார். பள்ளிக்கூடம் போகாதவர், எழுத்துத் தெரியாது. நேரம் பார்க்கவும் தெரியாது. "தம்பி படிச்சவர், ஏதோ ஆராய்ச்சி செய்யிறார், குழப்பாதையுங்கோ," என்று மகளை அடக்குவார். ஒருமுறை ஒரு சுருள்வில் துள்ளித் தொலைந்தபோது, முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து எனக்காகத் தேடியவர் அவர். அவருக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குள் வளர்ந்தது. அந்த ஆசைதான் விளைவித்தது எல்லாம்.

இனி மாமாவின் மணிக்கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். புஷ்பத்தின் தகப்பனார் துறைமுகத்தில் இழுவைப்படகு ஒன்றின் சுக்கானியாக இருந்தவர். எங்கள் கலியாணத்துக்கு முன்னரே இறந்துபோனார். இறங்குதுறைப் படியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது நெஞ்சடைத்து விழுந்தாராம். யாரும் பார்க்கவில்லை. கண்டெடுத்தபோது உயிர் இல்லை. கையில் கட்டியிருந்த மணிக்கூடு கல்லில் மோதி நின்றுபோயிருந்தது. மாமி அதை ஒரு பிஸ்கட் பேணிக்குள் வைத்தார். பிரச்சினைக் காலத்தில் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய போதெல்லாம் காணி உறுதிப் பத்திரம் போயிற்று, சான்றிதழ்கள் போயின, கலியாணப் படங்கள் போயின, பேணி மட்டும் மாமியின் மடியிலேயே இருந்தது.

வருடத்தில் ஒரு நாள், மாமாவின் திவசத்தன்று, பேணி திறக்கும். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தபின், மாமி மணிக்கூட்டை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைப்பார். கையில் வைத்து ஒருமுறை பார்ப்பார். "ம்" என்பார். அதற்குப் பிறகுதான் கற்பூரம் கொளுத்தலாம், காகத்துக்கு வைக்கலாம், நாங்கள் சாப்பிடலாம். அந்த "ம்" வரும்வரை குழந்தைகூட வடையைத் தொடக்கூடாது.

இதையெல்லாம் நன்றாக அறிந்த நான், திவசத்துக்குச் சில நாள் முந்தி, மாமி மத்தியான நித்திரையில் இருந்தபோது, சாமியறைக்குள் போய்ப் பேணியைத் திறந்தேன்.

நோக்கம் நல்லது என்று சொல்லித் தப்பப் பார்க்கவில்லை. நல்ல நோக்கம் கொஞ்சம், பெருமை நிறைய. புஷ்பமும் தர்முவும் வாயடைத்து நிற்பதைத்தான் மனக்கண்ணில் கண்டேன்.

பின்மூடியைத் திறந்தேன். உள்ளே எல்லாம் புதிது போல இருந்தது. விழுந்த அதிர்ச்சியில் எங்கோ உதிர்ந்த ஒரு துகள், இரண்டு சில்லுகளின் பற்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது. அவ்வளவுதான். சாவணத்தின் இரு நுனிகளால் அதைக் கவ்வி எடுத்து ஊதினேன். மெதுவாகச் சாவி கொடுத்தேன். உள்ளே ஆடும் சில்லு ஒருமுறை தயங்கிவிட்டு ஆடத் தொடங்கியது. டிக், டிக், டிக். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையால் ஓடிய முதல் மணிக்கூடு! உடனே கைத்தொலைபேசியைப் பார்த்துச் சரியான நேரம் வைத்து, முறுக்க முடிந்தவரை முறுக்கினேன்.

அந்த வீடியோக்களில் முதல் பாடம், எதையும் தொடுமுன் படம் எடு என்பது. நடைபாதையில் வாங்கிய குப்பைகளை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று விதவிதமாகப் படமெடுத்து வைத்திருந்தேன். இதை மட்டும் எடுக்கவில்லை. முள்கள் எங்கே நின்றன என்று பார்க்கக்கூட இல்லை. எதைத் திருத்துகிறேன் என்று ஒரு கணமாவது யோசித்திருந்தால், மூடியை மூடியிருப்பேன். ஒவ்வொரு மத்தியானமும் களவாகப் போய்ச் சாவி கொடுத்தேன். நாளுக்கு ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. அதில் எனக்கு அத்தனை புளகாங்கிதம்.

திவசத்தன்று தர்மு குடும்பத்தோடு நிலாவெளியிலிருந்து வந்தான். மட்டக்களப்பிலிருந்து புஷ்பத்தின் கடைசித் தங்கை கமலா வந்தாள். மாமாவுக்குப் பிடித்த இறால் குழம்பை அன்று வைக்க முடியாது என்பதால், வழக்கம்போல அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டே மரக்கறி சமைத்தார்கள். விளக்கு அணையாமல் இருக்கக் காற்றாடியை நிறுத்தினார்கள். எல்லோரும் வியர்த்துக்கொண்டு நின்றோம். நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மாமி பேணியைத் திறந்தார். துடைத்தார். பார்த்தார். "ம்" வரவில்லை. கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"தம்பி, கண்ணாடிக்குள்ளை எறும்பு ஒண்டு போயிட்டுது. சுத்திச் சுத்தி ஓடுது."

தர்மு எட்டிப் பார்த்தான். "எறும்பில்லை அம்மா, செக்கன் முள்ளு. மணிக்கூடு ஓடுது!"

"ஓடுதோ? எப்பிடி?"

என் நேரம் வந்துவிட்டது. முன்னே வந்தேன். "நான்தான் மாமி திருத்தினனான். இனி ஒரு நிமிசமும் பிந்தாது."

கைதட்டல் எதிர்பார்த்தாயா என்று கேட்டால், ஓம், எதிர்பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை. ஏதோ பொருளை வைத்த இடத்தில் காணாதவர் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்ப அவரின்ர நேரம் எங்கை, தம்பி?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியது. இவ்வளவு படித்தவனுக்கு அவ்வளவு தாமதம்.

"ஒண்டுமில்லை மாமி, திருப்பி வைச்சிடலாம்," என்றேன். "புஷ்பம், எத்தினை மணியிலை நிண்டது?"

"நாலு பத்து," என்றாள் புஷ்பம் உடனே.

"இல்லை, ரெண்டு இருவது," என்றான் தர்மு. "எனக்கு நல்லா ஞாபகம்."

"ரெண்டு பேருக்கும் விசர்," என்றாள் கமலா. "பத்தரை. நான் சின்னனிலை இருந்து பாக்கிறன்."

ஒவ்வொருவரும் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தார்கள். அத்தனை வருடமும் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் நேரத்தை வாசிக்கவில்லை. நானும்தான். போன வருடத் திவசத்தில் எடுத்த படத்தைக் கமலா தன் தொலைபேசியில் தேடினாள். படம் கிடைத்தது. மாமா தெரிந்தார், மாலை தெரிந்தது, இலை தெரிந்தது. மணிக்கூட்டை வடைத் தட்டு மறைத்திருந்தது.

"ஆர் அந்தத் தட்டை அதிலை வைச்சது?" என்று நான் அதட்டினேன். (குற்றவாளி முதலில் தேடுவது இன்னொரு குற்றவாளியைத்தானே.)

"அத்தான், வாயை மூடுங்கோ," என்றான் தர்மு. அப்படி அவன் என்னிடம் அதற்கு முன் பேசியதில்லை.

மாமிதான் வழி சொன்னார். அவருக்கு இலக்கம் தெரியாது, ஆனால் உருவம் தெரியும். "இறால் மீசை மாதிரி நிண்டது. ரெண்டும் ஒரு பக்கம் சாஞ்சு, கட்டை மீசை மேலை, நெட்டை மீசை கொஞ்சம் கீழை. வையுங்கோ, கண்டா சொல்லுவன்."

மணிக்கூட்டின் பக்கத்துக் குமிழை இழுத்து முள்களைத் திருப்பத் தொடங்கினேன்.

"கீழை... இன்னும்... ஐயோ, கூடிப்போச்சு. மேலை விடுங்கோ. கிட்ட வருது. கிட்ட வருது..."

சரியாக வந்தது என்று நான் கையை எடுத்ததும் மணிக்கூடு தன் பாட்டில் ஓடியது. மாமிக்குக் கண் மங்கல், நிதானமாகத்தான் பார்ப்பார். அவர் உறுதியாகச் சொல்ல வாய் எடுக்குமுன் பெரிய முள் நகர்ந்துவிடும். "இல்லை, இது அது இல்லை," என்பார். மறுபடி திருப்புவேன். மறுபடி ஓடும். இப்படியே எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. கறிகள் ஆறின. மதில்மேல் காகங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து கத்தின. தர்முவின் மகள் வடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் அதை நிப்பாட்டுங்கோவன் அத்தான்!"

"நிப்பாட்ட ஏலாது. முழுச் சாவி குடுத்திருக்கு. நாளைக்கும் ஓடும்."

"திருத்துறதெண்டா ஒண்டும் திருந்தாது. இதை நிப்பாட்டச் சொன்னா நிக்கவும் மாட்டாதாம்," என்றாள் புஷ்பம். அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

முதலிலிருந்து தொடங்கலாம் என்று முள்களைப் பன்னிரண்டரைக்குத் திருப்பிவிட்டு, கடைசியாக ஒருமுறை குமிழை இழுத்தேன். பதற்றத்தில் பலமாக இழுத்துவிட்டேன். குமிழ் தண்டோடு என் விரலில் வந்துவிட்டது. இனி முள்ளைத் திருப்பவும் முடியாது. மணிக்கூடோ ஒன்றும் நடவாததுபோல டிக், டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து அத்தனை சுகதேகி.

என் சாமான்களை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். படையலுக்குப் பக்கத்தில், வாழையிலையின் ஓரத்தில் பின்மூடியைத் திறந்தேன். ஆடும் சில்லைச் சாவணத்தால் மெல்லத் தொட்டு நிறுத்தினால் போதும் என்று எண்ணினேன். குனிந்தேன். தலையில் துவாய் இல்லை. நெற்றியிலிருந்து ஒரு துளி நேரே உள்ளே விழுந்தது. திடுக்கிட்டதில் சாவணம் வழுக்கி, மயிரிழை போன்ற அந்தச் சுருள்வில்லைக் கொத்தோடு தூக்கிக்கொண்டு வந்தது. இடியப்ப உரலிலிருந்து தொங்கும் கடைசி இழைபோல அது சாவண நுனியில் தொங்கியது.

மணிக்கூடு நின்றது. பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இறால் மீசைக்கும் அந்த உருவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாமாவுடைய நேரம் போய், அந்த முகத்தில் இப்போது என்னுடைய நேரம் நின்றது.

"கடையிலை குடுப்பம் மாமி," என்று கெஞ்சினேன். "குமிழ் போட்டு, நீங்கள் சொல்லுற மாதிரியே முள்ளை வைச்சுத் தருவினம்."

மாமி மணிக்கூட்டை வாங்கி மடியில் வைத்தார்.

"கையாலை வைச்சா அது அவரின்ர நேரமோ, தம்பி?" என்றார். பிறகு, எங்களில் ஒருவரையும் பாராமல் சொன்னார்: "அவர் போகேக்கை ஆரும் பக்கத்திலை இல்லை. இது மட்டும்தான் அவரோடை நிண்டது."

எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளக்க வேண்டும்போல இருந்தது. பிளக்கவில்லை. கறிகளின் மேல் ஈ மொய்க்கத் தொடங்கியது. எல்லோரும் மாமியின் வாயைப் பார்த்தார்கள். மாமி என்னைப் பார்த்தார்.

"நேரத்தை எடுத்தது நீங்கள். இனி நீங்களே சொல்லுங்கோ."

"என்னத்தை மாமி?"

"கற்பூரம் கொளுத்துறதுக்கு."

தண்டனையாகச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தில் தண்டனை இல்லை. களைப்புத்தான் இருந்தது. நான் "ம்" என்றேன். அவ்வளவு கேவலமான ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை. காகங்கள் மட்டும் உடனே ஏற்றுக்கொண்டன.

அலுமாரியில் இருந்த சேகரிப்பு முழுவதையும் அடுத்த நாளே பைக்குள் போட்டு, நடைபாதை வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "திருத்தியாச்சோ மாஸ்டர்?" என்று கேட்டார். பையை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மாமி என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. நான் அறைக்குள் போனால் தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

திவசம் வருடா வருடம் வருகிறது. அந்த "ம்" சொல்லும் வேலை என் தலையில்தான். இலை போட்டு, பேணி திறந்து, குடும்பமே வியர்த்து நின்று என் முகத்தைப் பார்க்கும். வீட்டு நகைச்சுவை அங்கேதான் பிறந்தது. தர்மு வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்பான்: "அத்தான், இந்த வருசம் அப்பா எத்தினை மணிக்குச் செத்தவர்? பசிக்குது." கமலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துவாள். புஷ்பம்கூட இப்போதெல்லாம் சிரிக்கிறாள். வெளிநாட்டில் இருக்கும், உடன்பிறந்தார் பிள்ளைகளான பெறாமக்கள் அன்றைக்குத் தொலைபேசி எடுத்து, முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறார்கள்.

இந்த முறையும் தர்மு கேட்டான். இந்த முறையும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு பார்த்தேன். மாமி சிரிக்கவில்லை. காதைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தபடி, நான் சொல்லப்போகும் பதிலுக்குக் காத்திருந்தார்.